நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் இங்கிலீஷ்

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது திங்கட்கிழமை காலையில் ஒட்டங்கரையின் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும், வாசல் நிலைக்கு வலது பக்கம், போலியோ சொட்டு மருந்து போட வருகிறவர்களும் மக்கள்தொகை கணக்கெடுக்க வருகிறவர்களும் சாக்பீஸால் கிறுக்கிவிட்டுப் போகும் அதே இடத்தில், வீட்டுக்கு ஒன்றாக ஓர் இங்கிலீஷ் வார்த்தை எழுதப்பட்டிருந்தது. நீல நிற எழுத்து, அச்சில் வார்த்தது போல ஒரே அளவு, ஒரே சாய்வு. ஒரு வீட்டு வார்த்தை இன்னொரு வீட்டில் இல்லை. அதில் ஒன்றுகூட எந்த வகுப்புப் பாடப் புத்தகத்திலும் வந்ததில்லை, எந்தக் கடைப் பலகையிலும் எழுதப்பட்டதில்லை, இங்கிலீஷ்காரர்களே மறந்து போய்ப் பல காலம் ஆகியிருக்கும் என்று பிறகு தெரிந்தது.

யார் எழுதியது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அரசாங்கம்தான் எழுதியிருக்கும். வீட்டுக்காரரைக் கேட்காமல் சுவரில் எழுதிவிட்டு, எதற்கு என்று சொல்லாமல் போகிற பழக்கம் வேறு யாருக்கு இருக்கிறது? எனவே ஒட்டங்கரையில் அன்று காலை கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டுதான். இது என்ன திட்டம்? எப்போது கொடுப்பார்கள்?

அரசாங்கம் சுவரில் எழுதியதை அந்த ஊரில் யாரும் அழிப்பதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுகூட அந்த ஒரு சாண் இடத்தை விட்டுவிட்டுச் சுற்றி அடிப்பார்கள். மலேரியா மருந்து அடித்தவர்கள் எந்தக் காலத்திலோ எழுதிய தேதிகள்கூட இன்னும் பல சுவர்களில் ஜன்னல் போலத் தெரியும். வெள்ளம் வந்த ஒரு வருஷம் சுவரில் போட்ட எண்ணைத் துடைத்துவிட்ட ஒருவருக்கு மட்டும் நிவாரண வேட்டியும் சேலையும் வரவில்லை என்பது ஊர் வரலாறு. அதனால் நீல வார்த்தைகளைச் சுற்றி அன்று மத்தியானத்துக்குள் மஞ்சள் பொட்டு வைத்தார்கள், சாரல் படாமல் பிளாஸ்டிக் தாள் ஒட்டினார்கள், ஆடு உரசாமல் முள் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் கிராம நிர்வாக அலுவலரின் அறை வாசலில் எண்பது பேர் நின்றார்கள்.

அவர் வெளி மாவட்டத்துக்காரர், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அப்படி எந்த உத்தரவும் வரவில்லை என்று முதல் இருபது பேரிடம் சொன்னார், விசாரிக்கிறேன் என்று அடுத்த இருபது பேரிடம் சொன்னார், நாற்பத்தோராவது ஆளாக வந்தவர் மேசையின் மேல் மனுவை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டதும், அவரை எழுப்பி அனுப்புவதற்காக மட்டும் மனுவின் மூலையில் “வார்த்தையின் பொருள் சான்று இணைக்கவும்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உலகத்தில் அப்படி ஒரு சான்று அதுவரை கிடையாது. மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு அது கிடைத்தாக வேண்டும் என்று அரசு மேல்நிலைப் பள்ளியின் வாசலில் நூற்றைம்பது பேர் நின்றார்கள்.

பள்ளியில் இங்கிலீஷ் எடுப்பவர் ஆவுடைநாயகி டீச்சர். சுரண்டைக்காரர். கணவரும் ஆறு வயது மகளும் அங்கே இருக்க, ஏழு வருஷமாக இங்கே வைரக்கண்ணு அம்மாளின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார். அகராதியைத் திறந்து பாருங்கள் என்று அந்த ஏழு வருஷமும் அவர் ஒட்டங்கரைப் பிள்ளைகளிடம் மன்றாடியிருக்கிறார். ஒரு பிள்ளை பார்த்ததில்லை. நூலகத்தில் இருந்த தலையணை அளவு அகராதியை வைத்துப் புளி இடித்த சத்துணவுக்கூடத்து அம்மாளிடம் சண்டை போட்டு அதைத் திரும்ப வாங்கியதே அவர்தான். இப்போது அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அத்தனை பேரும் அகராதியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வந்து நின்றார்கள்.

முதல் ஆள் உத்திராபதி. ஐம்பத்தைந்து வயது, ஊருக்கு நடுவில் ஓடும் வாய்க்காலின் பாலத்துக் கட்டைச் சுவரில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து, மறுபடி மூன்று மணிக்கு உட்காருகிறவர்.

“டீச்சர், நம்ம வூட்டுல கான்கூஸ்லர்னு போட்டுருக்காம். நல்லதுதானே?”

டீச்சர் பக்கத்தைப் புரட்டினார். வாய்க்கால் கரையில் வேலையில்லாமல் நின்று தண்ணீரையும் படகையும் வேடிக்கை பார்ப்பவன் என்று அகராதியில் இருந்தது. நிமிர்ந்து உத்திராபதியைப் பார்த்தார். அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பின்னால் நூற்றைம்பது பேர், பக்கத்து அறையில் ஆசிரியர் இல்லாத பத்தாம் வகுப்பு, மேசையில் திருத்தாத நோட்டுகள். உண்மையைச் சொன்னால் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருக்கும்.

“நீர்நிலைகளைக் கண்காணிப்பவர்னு அர்த்தம்.”

“அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்” என்றார் உத்திராபதி. “எழுதிக் குடுத்துடுங்க. சீல் வேணும்.”

அந்த ஒரு நிமிஷத்தில் டீச்சர் செய்த தவறை அளந்து சொல்ல முடியாது. அடுத்த வீட்டுக்கு க்ரோக்: பிறர் சாப்பிடும்போது தனக்கும் கிடைக்குமா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது. ‘விருந்தோம்பலை மதிப்பவர்’ என்று எழுதினார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ராக்கெட் விடுவது முதல் ரத்தக்கொதிப்பு வரை தெரியாத எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்லும் பக்கிரிசாமி வீட்டுக்கு அல்ட்ராகிரெப்பிடேரியன்: தன் அறிவுக்கு அப்பாற்பட்டதைப் பற்றிக் கருத்து சொல்பவன். ‘எல்லைகளைக் கடந்த சிந்தனையாளர்’ என்று எழுதினார். ஊராட்சித் தலைவர் கலியமூர்த்தி வீட்டுக்கு ஸ்னாலிகாஸ்டர்: கொள்கை என்று எதுவும் இல்லாத, பதவிக்காக எதையும் செய்கிற தந்திரக்காரன். ‘மக்கள் பணியில் கூர்மையானவர்’ என்று எழுதினார். டீச்சர் குடியிருந்த வைரக்கண்ணு அம்மாளின் வீட்டுக்கு அக்னெஸ்டிஸ். மகன்கள் இருவரும் வெளிநாட்டில், புருஷன் போய் ஒன்பது வருஷம், தனியாக இருக்கும் பெண்மணி. கை எட்டாததால் சொறிந்துகொள்ள முடியாமல் போகிற நடு முதுகு என்று அகராதி சொன்னது. டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ‘குடும்பத்தின் முதுகெலும்பு’ என்று எழுதினார்.

எழுதிய ஒவ்வொன்றையும் தலைமையாசிரியர் ஞானப்பிரகாசத்திடம் கொண்டுபோய்ப் பச்சை மையில் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கினார்கள். தலைமையாசிரியர் தங்கமான மனிதர். சான்றுகளில் கையெழுத்துப் போடுவது நாள் முழுக்க மூக்குக்கு எதிரே கூட்டம் நிற்கிற வேலை என்பதால் அதைப் போட்டுவிடுவார். கூட்டம் எதிரே நிற்காத வேலைகளைத்தான் நாளைக்கு என்பார்.

செல்போனில் பார்க்கக் கூடாதா என்று கேட்கலாம். பார்க்கலாம், ஆனால் செல்போன் கையெழுத்துப் போடாது. கிராம நிர்வாக அலுவலர் சான்றை வாங்கிக் கட்டி வட்டாட்சியருக்கு அனுப்பினார், வட்டாட்சியர் ‘உரிய துறைக்கு’ என்று எழுதி மேலே அனுப்பினார், உரிய துறை எது என்று மேலேயிருந்து கேட்டு எழுதினார்கள், கேட்டு எழுதிய கடிதம் ஊருக்கு வந்ததும் திட்டம் நிச்சயமாகிவிட்டது, இல்லையென்றால் கடிதம் எதற்கு வரும் என்று ஒட்டங்கரை தெம்பாகிவிட்டது.

இரண்டு மாதத்தில் வார்த்தைகள் வீட்டுப் பெயர்களாயின. காது குத்து அழைப்பிதழில் ‘க்ரோக் இல்லம்’ என்று அச்சடித்தார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு சேர்த்து எழுத்து எண்ணிக்கையைச் சொன்னார்கள். பெண் வீட்டு வார்த்தை பதினாறு எழுத்து, மாப்பிள்ளை வீட்டில் ஐந்துதான் என்று ஒரு சம்பந்தம் முறிந்தது. குட்டை வார்த்தைக்காரர்கள் நீள வார்த்தை கேட்டு மனுப் போட்டார்கள். வாடகை வீட்டுக்காரர்கள், வார்த்தை கட்டடத்துக்கா குடியிருப்பவருக்கா என்று தெளிவுபடுத்தக் கேட்டார்கள். வார்த்தை வந்ததற்கு அடுத்த வாரம் புதுமனை புகுந்த ஒருவர், தன் சுவர் மட்டும் வெறுமையாக இருப்பது பாரபட்சம் என்று ஊராட்சி அலுவலகத்து வாசலில் இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். திட்டத்தில் நம்பிக்கை இல்லாத ஒரே ஒருவர் தன் வார்த்தையின் மேல் மூன்று முறை பெயின்ட் அடித்தார். அது ஓதம் போல மூன்று முறையும் மேலே வந்தது. அவர் வீட்டு வார்த்தைக்குத் தவறு என்று நிரூபித்த பிறகும் அதையே பிடித்துத் தொங்குபவர் என்று அர்த்தம். நான்காவது முறையும் அடித்தார்.

கலியமூர்த்தி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருபதடி பிளக்ஸ் வைத்தார். கைகூப்பிய அவர் படத்துக்கு மேல் ‘எங்கள் ஸ்னாலிகாஸ்டரே வருக’ என்று இருந்தது. அந்தப் பிளக்ஸைத் தாண்டித்தான் ஆவுடைநாயகி டீச்சர் தினமும் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அதைக் கடக்கும்போது குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொள்வார், வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும்.

இதற்கிடையில் ஜூலைக் கடைசியில் டீச்சருக்கு மாறுதல் கிடைத்தது. ஏழு முறை கலந்தாய்வில் உட்கார்ந்து, ஆறு முறை காலியிடம் இல்லை என்று திரும்பியவருக்கு ஏழாவது முறை சுரண்டைக்குப் பக்கத்திலேயே இடம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆகஸ்ட் பதினேழாம் தேதி பிற்பகலுக்குள் ஒட்டங்கரையிலிருந்து விடுவிக்கப்பட்டு, பதினெட்டாம் தேதி முற்பகலில் அங்கே சேர வேண்டும். தவறினால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். மகளுக்குப் போன் செய்து சொன்னார். முன்பெல்லாம் எப்போம்மா வருவே என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்ட குழந்தை, போன வருஷத்திலிருந்து அதைக் கேட்பதை விட்டிருந்தது. சொன்னதைக் கேட்டுவிட்டு, “சரி” என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டது.

விடுவிப்பு உத்தரவில் தலைமையாசிரியர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

“போட்டுடலாம்மா. உனக்குப் போடாம யாருக்குப் போடப் போறேன்? நாளைக்குப் பார்ப்போம்” என்றார் ஞானப்பிரகாசம்.

மறுநாள் கலியமூர்த்தி இருபது பேரோடு வந்து உட்கார்ந்திருந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான்.

“டீச்சர் போறதுல எங்களுக்கு வருத்தம் இல்லை சார். ஆனா சான்று குடுத்தவங்க ஊர்ல இல்லைன்னா சான்று செல்லுமா? நாளைக்குத் திட்டம் வருது, ஆபீசர் வர்றான், இது யார் கையெழுத்துன்னு கேக்குறான். அவங்க சுரண்டைக்குப் போயிட்டாங்கன்னு சொல்லவா?”

“செல்லும்ங்க. அது பாட்டுக்குச் செல்லும்” என்றார் டீச்சர்.

“அதையும் எழுதிக் குடுங்க” என்றார் பின்னால் இருந்து பக்கிரிசாமி. “ஆனா அதுவும் நீங்க இங்க இருந்தாத்தான் செல்லும்.”

டீச்சருக்குக் கோபம் வந்தால் சுரண்டைப் பேச்சு வந்துவிடும். “ஏன் இப்படி உசுர வாங்குதிய? அகராதி இங்கனதானய்யா இருக்கு? நானா அதைத் தூக்கிட்டுப் போறேன்?”

“அகராதிக்குச் சீல் இல்லையே டீச்சர்” என்றார் உத்திராபதி. குத்தலாகச் சொல்லவில்லை, ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்வது போலத்தான் சொன்னார். நீர்நிலைகளைக் கண்காணிப்பவர் என்று சான்று வாங்கிய பிறகு அவர் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு, பாலத்துத் தூணில் தண்ணீர் எத்தனையாவது கல்லில் நிற்கிறது என்று காலையிலும் மாலையிலும் எழுதி வந்தார்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருந்தது. காலையில் டீச்சர் உத்தரவை நீட்டுவார், சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாளைக்கு என்பார், வாசலில் வார்த்தைத் திருத்தம் கேட்டு ஆள் நிற்கும். நான்காம் தேதி கேட்டார், ஏழாம் தேதி கேட்டார், பத்தாம் தேதி அழுதும் பார்த்தார். சாருக்கும் கண் கலங்கியது. நாளைக்குக் கட்டாயம் என்றார்.

பதிமூன்றாம் தேதி டீச்சர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த ஊர் தன்னைப் பிடித்து வைத்திருப்பது தான் எழுதிக் கொடுத்த நல்ல அர்த்தங்களுக்காக. அவை பொய் என்று தெரிந்தால் இவர்களே பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். இரண்டு திட்டு விழும், மண்ணை வாரித் தூற்றுவார்கள், அதனால் என்ன, பஸ் கிளம்பினால் போதும்.

சுதந்திர தினத்தன்று கிராமசபைக் கூட்டம். ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மிட்டாய் கொடுத்து முடித்த பிறகு டீச்சர் எழுந்து, பொருள் சான்றுப் பதிவேட்டை விரித்துக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் நின்றார்.

“நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது எல்லாம் பொய். ஒண்ணு விடாம இப்போ உண்மையைப் படிக்கிறேன். உத்திராபதி வீடு, கான்கூஸ்லர். வாய்க்கால் கரையில் சும்மா நின்று வேடிக்கை பார்ப்பவன்.”

உத்திராபதி மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“ஆமாங்க டீச்சர். மருமவ அன்னைக்கே போன்ல பாத்துச் சொல்லிட்டா.”

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு அடுத்ததைப் படித்தார். பக்கிரிசாமி, தெரியாததில் எல்லாம் கருத்து சொல்பவர். பக்கிரிசாமி தலையை ஆட்டிவிட்டு, கிரேக்கத்திலிருந்து வந்த வார்த்தை அது என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். அது லத்தீன். க்ரோக் வீட்டுக்காரர் கை தூக்கி, தன் மனைவி கல்யாணமான புதிதிலேயே இதைத் தமிழில் சொல்லிவிட்டாள் என்றார்; கூட்டம் சிரித்தது. டீச்சரின் குரல் உயர்ந்துகொண்டே போனது.

“ஊராட்சித் தலைவர் வீடு. ஸ்னாலிகாஸ்டர். கொள்கை இல்லாத, பதவிக்காக எதையும் செய்யும் தந்திரக்காரன்!”

கலியமூர்த்தி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “போன தேர்தல்ல எங்கிட்டத் தோத்தவன், நான் சான்று வாங்குன மறுநாளே போனைத் தூக்கிட்டு வந்துட்டாம்மா. பாத்தேன். கரெக்டாத்தான் போட்டுருக்கான்.”

“தெரிஞ்சுமா பிளக்ஸ் வச்சீங்க?”

“எழுத்து பாக்க நல்லா இருந்துச்சு. அர்த்தம் எங்களுக்குத் தெரியாதா? எங்க வீட்டு யோக்கியதை எங்களுக்குத் தெரியாமலா குடித்தனம் பண்றோம்? ஆனா அரசாங்க முத்திரை போட்டு, இவன் நல்லவன்னு இது வரைக்கும் யாரும்மா எழுதிக் குடுத்தாங்க?”

டீச்சர் பதிவேட்டில் அடுத்த பெயரைப் பார்த்தார். வைரக்கண்ணு அம்மாள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அதை மட்டும் படிக்காமல் தாண்டப் போனார்.

“என்துதானே கண்ணு? படி, பரவாயில்லை” என்றாள் வைரக்கண்ணு அம்மாள். “முதுகுல எட்டாத இடம். பெரியவன் அங்கேருந்து பாத்துச் சொன்னான். சொல்லிட்டு, அதுக்கு ஒரு குச்சி விக்குதாம்மா, அனுப்பவான்னு கேட்டான். நான் கதவு நிலையில தேய்ச்சுக்குறேன், போடான்னுட்டேன்.”

அதற்கு மேல் டீச்சரால் படிக்க முடியவில்லை. கூட்டம் கைதட்டியது. உண்மையையும் சொல்லி, அதை மறைக்கவும் தெரிந்த இப்படி ஒரு டீச்சரை ஊரை விட்டு அனுப்பக் கூடாது என்று அங்கேயே ஒரு தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் பக்கிரிசாமி.

பதினேழாம் தேதி. கடைசி மணி நாலு பத்துக்கு அடித்தது. தென்காசிப் பக்கம் போகிற பஸ் ஐந்தரைக்கு. டீச்சர் பெட்டியைக் கட்டித் தலைமையாசிரியர் அறை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார். மனிதரும் மின்விசிறியும் மட்டும் இருந்தார்கள்.

“வாம்மா. உன் விஷயமாத்தான் நினைச்சுக்கிட்டே இருக்கேன். தலைவர் ஒரு பக்கம் வேண்டாங்குறாரு. அவர் சொன்னாரேன்னு நான் நிறுத்தலை, சத்தியமா. போடணும்னுதான் தினம் நினைக்கிறேன்.”

“தெரியும் சார். உங்க வீட்டு வார்த்தைக்கு மட்டும்தான் யாரும் சான்று கேக்கலை. நீங்களாவது பாத்தீங்களா?”

ஞானப்பிரகாசம் சங்கடமாகச் சிரித்தார். மாதா கோயில் தெருவில் இருந்த அவர் வீட்டுச் சுவரில் வெலீயிட்டி என்று இருந்தது. “அகராதி பக்கத்து அறையிலதான் இருக்கு. பார்க்கணும் பார்க்கணும்னு ஜூன்லேருந்து... போன் வேற சட்டைப் பையிலயே இருக்கு.”

“நான் சொல்லவா?”

“சொல்லும்மா.”

“ஒண்ணைச் செய்யணும்னு மனசுல ஆசை இருக்கும் சார். நெசமாவே இருக்கும். எந்திரிச்சுப் போய் அதைச் செய்யிற அளவுக்கு மட்டும் இருக்காது. அந்த அளவு ஆசைக்கு அது பேரு.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

“அதுக்குன்னு தனியா ஒரு வார்த்தையா?”

“ஆமா சார்.”

“அப்ப நான் ஒருத்தன் மட்டும் இல்லை.”

“இல்லை சார். நெறையப் பேர் இருந்தாத்தானே வார்த்தை உண்டாகும்.”

இதைக் கேட்டு அவருக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, மறுபடி மாட்டினார். “சரிம்மா, இதை நாளை...” என்று வழக்கமான வாக்கியம் தானாக வாயிலிருந்து கிளம்பியது. பாதியில் அதைக் கேட்டுவிட்டவர் போல நின்றார். எதிரே இருந்த பெண் கோபமும் தீர்ந்துபோன முகத்தோடு, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானப்பிரகாசம் பச்சைப் பேனாவை எடுத்தார், திறந்தார், ‘பதினேழாம் தேதி பிற்பகலில் விடுவிக்கப்பட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் போட்டார். முத்திரை குத்தும்போது பிடியை விட்டுவிட்டார்.

டீச்சர் அதை வாங்கி, நன்றி என்று சொன்னாரா என்பது அவருக்கே நினைவில்லை. பெட்டியோடு ஓடினார்.

பஸ் கிளம்பி, பிளக்ஸைத் தாண்டி, பாலத்தில் ஏறும்போது பின்னாலிருந்து யாரோ தகரத்தில் அடிக்கும் சத்தம் கேட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இன் செய்த சட்டை வெளியே வந்து பறக்க, ஒரு கையில் பழுப்புத் தாள் அட்டை போட்ட, டீச்சரின் பணிப் பதிவேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பஸ்ஸின் பக்கவாட்டில் அடித்தபடி, தலைமையாசிரியர் ஞானப்பிரகாசம் ஓடி வந்துகொண்டிருந்தார். அந்தப் பதிவேட்டை அனுப்ப எல்லாப் பள்ளியிலும் ஆறு மாதம் ஆகும். அதில் அத்தனை பதிவுகளையும் முடித்து, பூட்டிய எழுத்தர் அறையைத் தானே திறந்து, கொண்டுவந்திருந்தார். ஜன்னல் வழியாக அதை உள்ளே தள்ளினார். மூச்சு வாங்கியதால் பேச்சு வரவில்லை. “போ, போ” என்று கையால் மட்டும் காட்டினார். அவர் ஓடி ஒட்டங்கரை அதுவரை பார்த்ததில்லை.

பதினெட்டாம் தேதி காலை ஒன்பது நாற்பதுக்கு ஆவுடைநாயகி டீச்சர் புதுப் பள்ளியில் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போனபோது மகள் வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இன்னைக்கு என்ன ஞாயித்துக்கிழமையா?” என்று கேட்டாள். “இல்லை, செவ்வாய்க்கிழமை” என்றார் டீச்சர். குழந்தை கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டது.

அதே பதினெட்டாம் தேதி காலையில் ஒட்டங்கரையில், மாதா கோயில் தெருவில், தலைமையாசிரியர் வீட்டுச் சுவரில் வார்த்தை இல்லை. துடைத்த தடம் இல்லை, உரிந்த அடையாளம் இல்லை, சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட அப்படியே இருந்தது. எட்டு மணிக்குள் ஊர் திரண்டுவிட்டது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, துக்க வீட்டுக்குள் போவது போலத் தலை குனிந்து உள்ளே போனார்கள்.

“பேரை எடுத்துட்டாங்களா சார்?”

“ஒரு நல்ல மனுசனுக்கு இப்படி ஆவணுமா?”

“மேல்முறையீடு பண்ணலாம் சார், விடக் கூடாது.”

ஏன் எடுத்தார்கள் என்ற விசாரணை அன்று முழுக்க நடந்தது. கையெழுத்துப் போட்டது, ஓடியது, இரண்டும் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை என்பது மாலைக்குள் உறுதியாயிற்று. யாரோ அவர் வார்த்தையின் அர்த்தத்தைப் போனில் பார்த்துச் சொன்னார்கள்; வார்த்தைக்கு மாறாக நடந்தால் வார்த்தை போய்விடும் என்று அப்போதுதான் ஒட்டங்கரைக்கு விளங்கியது. பெரிய பயம் ஊரைப் பிடித்தது. க்ரோக் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்த பிறகும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து அவர்கள் இலையைப் பார்த்தார், விருப்பமே இல்லாமல். அந்த வாரம் வாய்க்கால் கரையில் ஓர் உடைப்பை அடைத்துத் தருவதாகச் சொல்லியிருந்த கலியமூர்த்தி, யோசித்துப் பார்த்துவிட்டு, அதை அடைக்கவில்லை. வைரக்கண்ணு அம்மாள் மட்டும் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அவள் மாடியில் புதிதாகக் குடிவந்த செவிலியரிடம் தினம் மாலை முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறாள், அவள் வீட்டு வார்த்தை மங்கிக்கொண்டு வருகிறது என்று பேச்சு.

செப்டம்பர் முதல் வாரத்தில், வீட்டுக்காரர் யாரும் தத்தம் வார்த்தைக்கு மாறாக நடப்பதில்லை என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தயாரித்து, முந்நூற்றுத் தொண்ணூறு பேர் கையெழுத்து வாங்கி, பச்சை மையில் ஒப்பம் வாங்குவதற்காகத் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோனார்கள். ஞானப்பிரகாசம் அதைக் கையில் வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, கூட்டம் கால் மாற்றி கால் மாற்றி நிற்க, நிதானமாகப் படித்தார். நாளைக்குத்தானே சார் என்று கலியமூர்த்தி எழுந்திருக்கப் போனார்.

“நாளைக்கு இல்லை” என்றார் தலைமையாசிரியர். “போட மாட்டேன்.”

பத்திரத்தை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு, பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்க ஆள் இல்லை என்று எழுந்து போனார்.